அரசாணையும் ஊரவையும்

சேக்கிழார் சுவாமிகள் அருளிய திருத்தொண்டர் புராணத்துள், திருநகரச் சிறப்பு என்னும் பகுதியில் மனுவேந்தன் வரலாறு கூறப்படுகின்றது. அதனைக் கேளாதார் தமிழ்நாட்டில் அரியர். ஆயினும் அவ்வரலாற்றினிடையே, வேந்தன் தன் அமைச்சரை நோக்கிக் கூறுவதாக அமைந்த ஒரு கருத்துப் பலராலும் ஊன்றி நோக்கப்படுவதில்லை. நிலங்காவலன் உயிர்களைக் காக்குங்கால் அவற்றிற்கு நேரும் அச்சம் ஐந்தினையும் நீக்கி அறங்காத்தல் வேண்டும் என்பது அது. அவ்வைந்தும் அரசனாலும், அவன் பரிசனத்தாலும், பகைவராலும், கள்வராலும், பிற உயிர்களாலும் வருவன.

இவ்வைந்தின் வைப்புமுறை ஆராயத்தக்கது. பகைவரையும் கள்வரையும் ஒறுத்தல் வேந்தன் கடன் என்பது உலகில் எந்நாட்டு நூலுங் கூறும். ஈண்டோ அவ்விரண்டும் மூன்றாவதும் நான்காவதுமாகப் பின் வைக்கப்பட்டன. குடிகளுக்கு முதற்கண் அஞ்சத்தக்கவன் காக்கும் அரசனே. அவனுக்கு அடுத்து அஞ்சத்தக்கார் அவன் ஏவல் கொண்டு திரியும் பணிமக்கள். இதனை எழுதியவர் அரசியலறியாத் துறவி ஒருவர் அல்லர். சேக்கிழார் இரண்டாங் குலோத்துங்கன் (1133–1150) காலத்தில் சோழப்பேரரசில் அமைச்சுரிமை பூண்டவர் என்பது வழிவழி வந்த செய்தி. ஓலையும் முத்திரையும் செல்லுமிடமெல்லாம் என்ன விளையும் என்பதை அரண்மனையின் உட்புறமிருந்து கண்டவர் இவ்வரிசையை வகுத்தார் எனக் கொள்ளின், அதன் பொருள் மேலும் விளங்கும்.

வரலாற்றின் எஞ்சிய பகுதியும் இந்நோக்கிற் காணத்தக்கது. கன்றையிழந்த பசு, ஆரூர் அரண்மனை வாயிலில் தூக்கிய ஆராய்ச்சி மணியைக் கோட்டால் அசைத்தது. அம்மணி எதற்கு? குறையுடையார் வாயிலோர்க்கும் கணக்கர்க்கும் கைகட்டி நில்லாமல் நேரே முறையிடுதற்கு. பரிசனத்தால் வரும் அச்சத்தை அப்பரிசனத்தாரிடமே சென்று முறையிடுதல் எங்ஙனங் கூடும்? அமைச்சர் மறைமுறைப்படி கழுவாய் செய்தால் அமையும் என்றனர். பிறன் ஒருவன் கொன்றால் அவனைக் கொல்வதும், தன் மகன் கொன்றால் கழுவாய் தேடுவதும் உலகம் பழிக்குஞ் செயலாம் என்று வேந்தன் மறுத்தான். மைந்தன்மேல் தேரூர்க என ஏவப்பெற்ற அமைச்சனோ அதனைச் செய்யாது தன்னுயிரைத் துறந்தான். பலரும் அரசனது முறைமையையே பாராட்டி, ஆணையை நிறைவேற்ற மறுத்து உயிர்விட்ட அவ்வமைச்சனை மறந்துவிடுவர். தியாகேசர் அருளால் கன்றும் மைந்தனும் எழுந்தபொழுது அவனும் உடன் எழுந்தான் என்று புராணம் அவனை மறவாது கூறுகின்றது.

இதனைப் போன்றதொரு கதையை ஈழத்து மகாவமிசம் எல்லாளன்மேல் வைத்துரைக்கும். சோணாட்டிலிருந்து சென்று அநுராதபுரத்தில் ஆண்ட அவனும் மணி தூக்கியிருந்தான். அவன் மைந்தன் தேராலும் கன்று மாய்ந்தது. அவனும் அம்மைந்தனைத் தேர்க்காலிலே கொன்றான். பௌத்தத் துறவியர், தம் வீரனாகிய துட்டகாமணி வென்ற ஒரு தமிழ்வேந்தனைப் பற்றி இங்ஙனம் எழுதிவைத்தனர் என்பது சிறப்புடைத்து. இக்கதை யாவர்மாட்டு முதலில் எழுந்தது என்னும் வழக்கு ஈண்டு வேண்டா. முறைசெய்யும் அரசன் இவ்வாறிருத்தல் வேண்டும் என்று இரு நாட்டாரும் கருதினர் என்பதே கொள்ளற்பாலது.

ஆயின், ஒருவனது நற்குணத்தையே நம்பி ஒரு நாடு வாழ்தல் கூடுமா என்னும் வினா எஞ்சிநிற்கின்றது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. அழுக்கைச் சார்ந்தவழி அழுக்காயும், ஒளியைச் சார்ந்தவழி ஒளியாயும் நிற்கும் உயிர், அதிகாரத்தைச் சார்ந்தவழி யாதாகும் என்பது சொல்லாமலே அமையும். வேந்தன் உயிரும் ஆணவமலத்தின் வாய்ப்பட்டதே. அவன் செங்கோலன் ஆதலும் கொடுங்கோலன் ஆதலும் அவன் சூழலைப் பொறுத்தன என்றால், அச்சூழலை ஒழுங்குபடுத்தும் ஏற்பாடு இன்றியமையாததாகின்றது. திருவள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடலை அரசியலுள் ஓர் அதிகாரமாக வைத்ததும், சிலப்பதிகாரம் ஐம்பெருங்குழு, எண்பேராயம் என்னும் அவைகளைக் கூறுவதும் இக்கருத்துப்பற்றியே. பிரெஞ்சு நாட்டு மாண்டெஸ்கியூ 1748இல் வெளியிட்ட நூலில், சட்டம் செய்தல், அதனை நடத்துதல், வழக்குத் தீர்த்தல் என்னும் மூன்றும் ஒருவர் கையிற் சேர்தலாகாது என்று நாட்டினார். தமிழ்நாட்டில் அத்தகைய மூவகைப் பிரிவு இருந்ததெனக் கூறுதல் மிகையாம். இருந்தன வேறு சில. அவை கல்லினும் செம்பினும் எழுதப்பட்டு இன்றுங் காணக்கிடக்கின்றன.

லெய்டன் செப்பேடு என வழங்கும் ஆனைமங்கலச் செப்பேட்டை முதற்கண் நோக்குக. நாகப்பட்டினத்தில் கடாரத்தரையன் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு முதல் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்த செய்தியை அது கூறும். நிலம் 97 வேலிக்கு மேற்பட்டது. அதனால் வரும் நெல் 8,943 கலத்துக்கு மேற்பட்டது. சிவபாதசேகரன் எனப் பெயர் பூண்ட வேந்தன் பௌத்தப்பள்ளிக்கு அளித்த கொடை அது என்பது ஒருபுறமிருக்க, அவ்வாணை சென்ற வழி ஈண்டுக் கருதத்தக்கது. அரசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் 92ஆம் நாள் தஞ்சாவூர் மாளிகையிலிருந்து வாய்மொழியாக ஆணையிட்டான். அதனை எழுதுவான் ஒருவன் ஓலையில் எழுத, ஓலைநாயகர் அதனை ஒப்பிட்டு உடன்பட்டனர். நான்கு நாட் கழிந்து, 96ஆம் நாளில், புரவுவரித் திணைக்களத்தாரும் வரிப்பொத்தகத்தாரும் முகவெட்டிகளும் பிறரும் கூடியிருந்து அதனை வரிக்கணக்கில் ஏற்றினர். பின்னர் நாட்டார்க்குத் திருமுகம் சென்றது. அவர்கள் எதிர்சென்று அதனைத் தலைமேற்கொண்டு, பெண்யானை முன்செல்ல எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டினர். அண்டையூர்க் கணக்கரும் கையெழுத்திட்டனர். இது நிறைவேறியது 23ஆம் யாண்டு 163ஆம் நாளின் பின்னரே. அரசன் வாயினின்று பிறந்த சொல் நிலத்தைச் சென்றடைய இரண்டு யாண்டுக்கு மேற்பட்ட காலம் ஆயிற்று.

இவ்வதிகாரிகளுள் ஒருவரேனும் வேந்தன் சொல்லை மறுக்கும் உரிமை பெற்றிருந்தார் எனக் கொள்ளுதற்கு அச்செப்பேட்டில் யாதொரு குறிப்பும் இல்லை. ஆதலின் இதனைத் தடை என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும், யார் கேட்டார், யார் எழுதினார், யார் ஒப்பிட்டார், யார் கணக்கில் ஏற்றினார் என்பதெல்லாம் பெயர் சுட்டி எழுதப்பட்டவிடத்து, ஏவலாளன் ஒருவன் தன் விருப்பத்தை அரசன் ஆணை எனக் கூறிக் குடிகளை அலைத்தல் அரிது. சேக்கிழார் இரண்டாவதாக வைத்த அச்சத்துக்கு இது மருந்தாயிற்று என்க. திருவெண்ணெய்நல்லூர் அவையில் கிழவேதியர் வடிவில் வந்த இறைவனையே அவையோர் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டுக என்று கேட்டதும், மூலவோலையைப் பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஓலையோடு ஒத்துப்பார்த்ததும் சைவர் நன்கறிந்தவை. ஓலையின்றிச் சொல் செல்லாது என்னும் வழக்கம் அக்காலத் தமிழர் வாழ்வில் அத்துணை வேரூன்றியிருந்தது.

இனி உத்தரமேரூர்க்குச் செல்வோர், அவ்வூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் (919) 14ஆம் ஆட்சியாண்டிலும் (921) வெட்டிய இரு கல்வெட்டுக்களைக் காணலாம். 1898இல் படியெடுக்கப்பெற்ற இவற்றை வெங்கையர் ஆராய்ந்து வெளியிட்டபின் இவற்றின் புகழ் எங்கும் பரவிற்று. புகழோடு சில பிழைபட்ட கருத்துக்களும் பரவின. பண்டைத் தமிழர் யாவரும் வாக்களித்துத் தம் தலைவரைத் தேர்ந்தனர் என மேடைகளிற் கூறப்படுவது அவற்றுள் ஒன்று. கல்வெட்டுக் கூறுவது அஃதன்று. குடவோலை என்பது வாக்குச் சீட்டன்று, திருவுளச்சீட்டு.

அக்கல்வெட்டுக்கள் கூறுவது இது. ஊர் முப்பது குடும்புகளாக வகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தக்கார் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பின் பெயரெழுதிய வாயோலை பூட்டிக் கட்டி, குடத்தில் இட்டனர். இளையாரும் முதியாருமாக மகாசபையார் நிறையக் கூடிய அவையில், ஊரிலிருந்த கோயில் நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் இருத்தப்பட்டனர். அவருள் மூத்தார் ஒருவர் எழுந்து, குடத்தை எல்லாருங் காணத் தூக்கிப் பிடிப்பர். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டினை எடுக்க, அதனை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதனினின்றும் ஓர் ஓலையை அச்சிறுவனே எடுத்து மத்தியஸ்தன் கையிற் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசித்தல் வேண்டும். பின்னர் அங்கிருந்த நம்பிமார் எல்லாரும் அதனை வாசிப்பர். அதன்பின்னரே அப்பெயர் கொள்ளப்படும்.

விரல் ஐந்தும் விரித்து ஏற்க என்று கல்லில் எழுதும்படி நேர்ந்தது ஏன்? விரல் மடக்கி ஏற்றவர், மடக்கிய விரலிடையே வேறோர் ஓலையை மறைத்து வைத்திருந்தவர், அதற்கு முன் இருந்திருத்தல் வேண்டும். முன்னைக் குற்றத்தைக் கண்டு பின்னை எழுந்த விதி அது. சட்ட நூல்களில் நெடுநேரம் கற்பனை செய்தாலும் கிட்டாத இத்தகைய நுணுக்கம், பட்டறிவால் மட்டுமே கிட்டும். அகநானூற்று 77ஆம் பாட்டில், கயிற்றாற் கட்டிய குடத்தின் மேலிட்ட பொறியை நோக்கி அதனை நீக்கி ஓலையை வெளியே எடுப்பார் செயல், பிணத்தின் குடரைப் பருந்து இழுப்பதற்கு உவமையாக வருகின்றது. உவமை கொடிது, ஆயினும் குடமும் ஓலையும் பராந்தகனுக்குப் பன்னூறாண்டு முற்பட்ட வழக்கு என்பதற்கு அதனினும் உறுதியான சான்று வேண்டா. சிறுவனைக்கொண்டு சீட்டெடுக்கும் வழக்கம் பிறநாட்டாரும் கண்டதே. இத்தாலிய நாட்டு வெனிசு நகரக் குடியரசில் 1268 முதல் 1797 வரை நகரத் தலைவனைத் தேரும் சிக்கலான முறையில் சிறுவன் ஒருவன் அவ்வேலையைச் செய்தான்.

இங்ஙனம் எடுக்கப்பட்ட முப்பதின்மருள், முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தாரும் கல்வியாலும் யாண்டாலும் முதிர்ந்தாருமாகிய பன்னிருவர் சம்வத்சர வாரியமாகவும், பன்னிருவர் தோட்ட வாரியமாகவும், அறுவர் ஏரி வாரியமாகவும் அமைந்தனர். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் வேறு குடவோலை எடுக்கப்பட்டது. அவர் பணிக்காலம் 360 நாள். அதற்குள் குற்றங் காணப்படின் உடனே நீக்கப்படுவர்.

தக்கார் யார் என்பதினும், தகாதார் யார் என்று கல்வெட்டு விரித்துரைப்பதே பொருள் மிக்கது. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையிலே வீடும், வேதக்கல்வியும், நல்லொழுக்கமும் உடையராதல் வேண்டும். 919ஆம் ஆண்டு விதி அகவையை 30க்கு மேல் 60க்குள் என வைத்தது; இரண்டாண்டு கழிந்து எழுந்த விதி அதனை 35க்கு மேல் 70க்குள் என மாற்றிற்று. இவற்றிற்கு மேல், மூன்று யாண்டுக்குள் வாரியஞ் செய்தவன் மீண்டும் வரலாகாது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன் பெயர் எழுதப்படலாகாது. அவன் தந்தையும், மகனும், உடன்பிறந்தானும், மருமகனும், மாமனும், மைத்துனனும், சிறிய தாய் பெரிய தாய் மக்களும், அத்தை மாமன் மக்களும் என ஒரு நீண்ட வரிசை தொடர்ந்து, அவருள் எவர் பெயரும் எழுதப்படலாகாது என முடிகின்றது. பிறர் பொருள் கவர்ந்தவனும், ஊர்க்கு முள்ளாயினவனும் விலக்கப்பட்டனர். ஐம்பெரும் பாதகஞ் செய்தவன் அதனைப் போக்கும் பிராயச்சித்தஞ் செய்துகொண்டானாயினும் வாழ்நாள் முழுதும் வாரியத்துக்கு ஆகான். பொய்யோலை எழுதினவன் பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் ஆகான்.

பிராயச்சித்தம் பற்றிய இவ்விதியையும் மனுவேந்தன் முன் அமைச்சர் கூறிய கழுவாயையும் ஒருங்கு வைத்து நோக்குக. மறுமைக்குரிய தூய்மை வேறு. ஊர்ப்பொருளைக் கையாளும் தகுதி வேறு. சமயத்தால் மன்னிக்கப்பட்டவனையும் பொதுப்பணிக்கு மன்னியாது விடுத்தனர் வேதியர் நிறைந்த அவ்வவையார். இது வியக்கற்பாலது.

இனி இவ்வேற்பாட்டின் குறையை மறைத்தல் உண்மை நூலோர் செயலன்று. உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் பிரமதேயமாதலின், அச்சபையில் அமர்ந்தோர் நிலமுடைய அந்தணரே. உழுதாரும், கம்மியரும், பெண்டிரும் குடும்பின் ஓலையில் இடம் பெற்றிலர். ஏனையோர் ஊர்களில் ஊரார் என்னும் அவையும், வணிகர் பதிகளில் நகரத்தார் அவையும் இருந்தன. அவற்றுள் இத்துணை நுணுக்கமான விதி இருந்தமைக்கு இவ்வளவு விரிவான கல்வெட்டுக் கிட்டவில்லை. மேலும் இவ்விதி ஊராரால் மட்டும் எழுந்ததன்று. இரண்டு முறையும் அரசன் திருமுகத்தோடு அவனுடைய அதிகாரி ஒருவன் வந்து உடனிருந்தான். தீயோர் கெட்டு நல்லோர் தழைக்கவேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் நோக்கம் என்று கல்வெட்டே கூறும். எனவே இஃது ஊரார் அரசனுக்கு இட்ட தளை அன்று. ஊர்ப்பொருளை விழுங்கிய ஊர்ப்பெரியாருக்கு அரசனும் ஊராரும் சேர்ந்து இட்ட தளை. அற்றேல், அரசன் கைக்கு ஊரவை அடங்கியதுபோலும் எனின், அற்றன்று. அதிகாரி உடனிருந்தானேயன்றித் தன் பெயரில் ஒருவரை அமர்த்தினானல்லன். அவன் கையில் குடமும் இல்லை, ஓலையும் இல்லை. அவை மத்தியஸ்தனிடத்தும், நம்பிமாரிடத்தும், ஒன்றுமறியாச் சிறுவனிடத்தும் இருந்தன.

இதற்கு நூறாண்டுக்கு முற்பட்டதாய், ஏறத்தாழ 800ஐ ஒட்டி எழுந்த பாண்டிநாட்டு மானூர்க் கல்வெட்டு ஒரு சிறு செய்தியைக் கூறுகின்றது. சபையில் எதனைக் கூறினும் அன்று அன்று என்றே மறுத்துக் காரியத்தைக் குலைப்பான் ஐந்து காசு தண்டம் இடுதல் வேண்டும். அதிகாரத்தைத் தடுத்தற்குரிய உரிமையே வேலையைத் தடுத்தற்குரிய கருவியாகவும் மாறும் என்பதை அவ்வூரார் கண்டுகொண்டனர். இக்காலத்துச் சட்டமன்றங்கள் பலவற்றில் இத்தண்டம் விதிப்பின் கருவூலம் விரைவில் நிறையும்.

கோயிற்பொருளைப்பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். சைவர் பெரிதுங் கவலவேண்டிய இடம் அஃது. முதல் இராசராசன் காலத்தில் மதுராந்தகன் கண்டராதித்தன் என்பான் திருவல்லத்து இறைவனுக்கு ஆயிரங் குடம் நீராட்டுவித்தபொழுது, திருவமுதின் அரிசி அளவிற் குறைந்திருத்தலையும், கறியமுதும் நெய்யமுதும் தயிரமுதும் இன்றியிருத்தலையும் கண்டான். நிவந்தம் எங்கே போயிற்று? அவன் சிவப்பிராமணரையும் ஊராரையும் அழைத்து வினவி, வரவினை ஆராய்ந்து, திருவமுதுக்கு மீண்டும் ஒழுங்கு செய்தான். அச்செய்தி அக்கோயிற் சுவரிலேயே வெட்டப்பட்டது. பூசை செய்வார் அன்றாடம் அதனைக் கண்முன் கண்டுகொண்டே உட்செல்லுதல் வேண்டும். கோயிலுக்கு நிலம் விட்டோரின் கல்வெட்டுக்கள் பல்லாயிரம் உண்டு. அந்நிலத்தின் நெல் இறைவன் தளிகைக்கு வந்ததா என்று கேட்டோரின் கல்வெட்டுக்கள் மிகச் சிலவே.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழப்பேரரசு மாய்ந்தது. சபைகளைப் பற்றிய கல்வெட்டுக்கள் படிப்படியாக அருகின. விசயநகர வேந்தர் காலத்தில் நாடு படைத்தலைவர் கையில் பகுக்கப்பட்டது. அவர் வேந்தனுக்குப் படையும் பொருளும் தருதற்குக் கடமைப்பட்டனரேயன்றி, ஊரார்க்குக் கணக்குக் காட்டுதற்குக் கடமைப்பட்டிலர். 1429ஆம் ஆண்டில் கொறுக்கை முதலிய ஊர்களில் வெட்டிய கல்வெட்டுக்கள் அதன் விளைவைக் காட்டுகின்றன. வலங்கை 98, இடங்கை 98 எனப்பட்ட இருபிரிவு மக்களும், தம் நெடும்பகையை விடுத்து ஒன்று கூடினர். அரசன் அதிகாரிகளும், சீவிதம் பெற்றவரும், அவரோடு கூடிய நிலக்கிழாராகிய அந்தணரும் வேளாளரும் கொடிய இறை தண்டி வருத்துவதால், அவர்க்கு இடங்கொடுப்பதில்லை, அவர்க்குக் கணக்கு எழுதுவதில்லை என்று உறுதி செய்துகொண்டனர். மணி தூக்கிய வாயிலும் இல்லை, ஓலையிடும் குடமும் இல்லையாயிற்று. அவர்கள் அவ்வுறுதிமொழியை எழுதிவைத்த இடமும் கோயிற் சுவரே.